பொருத்தனை மீன்

ஜெபின் மக்கா,

ஷைனி அனுப்பிய உங்கள் பிள்ளையின் படத்தைப் பார்த்தேன். பிள்ளை கொட்டாவி விடும்போது மூக்கைச் சுருக்குவது அப்படியே நம் வீட்டுச் சாயல். உன் அம்மா அந்தப் படத்தைக் காட்டாத ஆள் சபையில் பாக்கியில்லை. நான் இதைப் போனில் சொல்லாமல் உட்கார்ந்து எழுதுகிறேன் என்றால், போனில் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது என்று நீயே புரிந்துகொள்வாய். நீ கூப்பிடும்போதெல்லாம் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு என் தோளை உரசிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். அவள் காதில் விழாமல் உன்னிடம் ஒரு வார்த்தை பேச இந்த வீட்டில் இடமில்லை. அதனால் எழுதி, பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். பஸ் டிப்போவில் காலமெல்லாம் ஸ்பேனர் பிடித்த கை இது.

காரியத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை நம் சபையில் அறுப்பின் பண்டிகை. சனிக்கிழமை காலையில் அம்மா கருங்கலுக்குப் போய், ரோஸ் சித்தியின் குளத்தில் கிடக்கும் அந்தப் பொருத்தனை வராலைப் பிடித்து, மூடி போட்ட வாளியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்து, மறுநாள் ஆலயத்தில் படைக்கப்போகிறாள். பிள்ளை பிறந்தாயிற்று, கர்த்தருக்கு நேர்ந்த பொருத்தனையைத் தீர்க்க வேண்டும் என்கிறாள். அந்த மீன் நம் ஊருக்குள் வரக் கூடாது. உயிரோடு இருக்கவே கூடாது. அதை அவளிடம் சொல்ல ஒருத்தனால்தான் முடியும், அது நீ. ஏன் என்று சொல்கிறேன். அப்பா வழக்கம்போல ஆரம்பித்துவிட்டார் என்று பாதியில் மூடி வைத்துவிடாதே.

அம்மா ஏன் சாயா குடிப்பதில்லை என்று சின்னதில் நீ கேட்பாய். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிச் சமாளிப்பாள். அது பொய். நீ இரண்டாம் வகுப்பில் இருந்தபோது உனக்கு டைபாய்டு வந்தது. மிஷன் ஆஸ்பத்திரியில் கிடத்தியிருந்தோம். காய்ச்சல் இறங்குவதாகக் காணோம். நீ ஆளையே அடையாளம் தெரியாமல் பேசிக்கொண்டிருந்தாய். அன்றைக்கு வார்டு வாசலில் வைத்து அவள் பொருத்தனை செய்தாள், இவன் பிழைத்தால் இனி சாயா தொடமாட்டேன் என்று. சாயா இல்லாவிட்டால் தலைவலியில் சுவரில் முட்டிக்கொள்ளும் பெண் அவள். உனக்கு மருந்து கேட்டது, காய்ச்சல் விட்டது. மருந்து கேட்டது என்று நான் சொல்கிறேன், அவள் அப்படிச் சொல்லமாட்டாள். அன்றிலிருந்து இன்றுவரை ஒரு வாய் குடித்ததில்லை. கல்யாண வீட்டில், சாவு வீட்டில், மழையில் நனைந்து வந்த நாளில்கூட வெறும் சுடுவெள்ளம்தான். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், உன் அம்மா கர்த்தருக்குக் கொடுத்த வாக்கைக் காசுக்கோ பயத்துக்கோ மாற்றுகிற ஆள் இல்லை. நாளைக்கு நீ அவளிடம் பேசும்போது, கிறுக்கச்சி என்று நினைத்துக்கொண்டு பேசாதே. உன் உயிர் அவள் கொடுத்த விலையில் வந்தது என்றுதான் அவள் இன்னும் நம்புகிறாள்.

நம் குளம் நீ சொல்லி வெட்டியது. புயலில் வாழை முழுக்கச் சாய்ந்த வருஷம், இனி வாழை வேண்டாம், வரால் விடுவோம், நான் வந்து பார்த்துக்கொள்வேன் என்றாய். நீ வரவில்லை, ஷைனியின் ஆஸ்பத்திரி வேலையும் உன் வேலையும் உங்களை அங்கேயே பிடித்துவைத்துக்கொண்டன. நான் குறை சொல்லவில்லை. எனக்கும் ஓய்வு பெற்ற பின் காலையில் எழுந்து போக ஓர் இடம் கிடைத்தது. தீவனத்தைத் தூவினால் வரால் கூட்டம் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வரும். பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கும். நம்மைப் பார்த்து ஊரில் இன்னும் நாலைந்து வீட்டுக்காரர்கள் குளம் வெட்டினார்கள். அதற்குள் உங்களுக்குக் கல்யாணமாகி, பிள்ளையில்லாமல் வருஷங்கள் ஓடியிருந்தன. சபையில் ஷைனியைப் பற்றி விசாரிப்பதுபோல விசாரித்து ஊசி ஏற்றுவார்கள். அம்மா சிரித்துக்கொண்டே பதில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து அடுக்களையில் அழுவாள். உன்னிடம் இதைச் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன்.

போன வருஷம் அறுப்பின் பண்டிகைக்கு முன்னால் அவள் குளக்கரையில் நின்று, இருப்பதிலேயே பெரிய வராலைக் காட்டி, "இது எனக்க மொவனுக்க பிள்ளைக்கு உள்ளது" என்றாள். இப்போது அதை ஆலயத்தில் படைக்கிறேன், உங்களுக்கு ஒரு பிள்ளையைத் தந்தால் அடுத்த பண்டிகைக்கும் அதையே படைப்பேன் என்பது பொருத்தனை. நமக்குத் தெரிந்த பண்டிகை தேங்காய், மரச்சீனி, வாழைக்குலை, சேவல் இவ்வளவுதான். குளங்கள் வந்த பிறகு வராலும் வர ஆரம்பித்தது. வெளியில் வைத்தாலும் சட்டென்று சாகாது, வாய் திறந்து காற்றைக் குடித்துக் கிடக்கும், உயிரோடு படைக்கத் தோதான மீன். அசன விருந்துக்குச் சோறு வைக்கிற அண்டா ஒன்றில் தண்ணீர் நிரப்பி, எல்லா வீட்டு வராலையும் அதில்தான் விட்டார்கள். ஐந்தாறு குளத்து மீன், ஒரே தண்ணீர்.

படைத்ததையெல்லாம் ஆராதனை முடிந்து ஏலம் விடுவது எப்படி என்று உனக்குத் தெரியும். எடுத்தவர் பொருளை வீட்டுக்குக் கொண்டுபோகாமல், திரும்பப் போடுங்கள் என்று ஆலயத்துக்கே கொடுப்பார், அது மறுபடியும் ஏலத்துக்கு வரும். அப்படி ஒரே சேவல் அரை நாள் சுற்றுவதுண்டு. சேவலுக்கு அதனால் ஒன்றுமில்லை, கொஞ்சம் கத்தும். நம் வரால் பெரிதாக இருந்ததால் ஆளாளுக்குத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் கமிட்டிக்காரர் அதைத் தூக்கிக் காட்ட வேண்டும். வழுக்குகிறது என்று தோளில் கிடந்த துவர்த்தால் அழுத்தித் துடைத்துவிட்டுத் தூக்கினார். இரண்டு முறை கையை விட்டுத் துள்ளி சிமெண்ட் தரையில் விழுந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். கடைசியில் அம்மா என் முழங்கையைப் பிடித்து, "விட்டுராதீங்க. நம்ம பிள்ளைக்க மீனு வேற வீட்டுச் சட்டிக்குப் போவப்பிடாது" என்றாள். நான் எடுத்தேன். படைத்ததை வெட்டித் தின்ன முடியுமா? நம் குளத்திலேயே திரும்ப விட்டோம். மற்றவர்களும் நம்மைப் பார்த்து அப்படியே செய்தார்கள். கர்த்தருக்குக் கொடுத்து, கர்த்தரிடமிருந்து வாங்கி, கர்த்தர் காப்பார் என்று அவரவர் குளத்தில் விட்டோம். இப்படி ஒரு தப்பை நம் ஆட்களைத் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாது என்று இப்போது தோன்றுகிறது. ஒருவரிடமும் கெட்ட எண்ணம் இல்லை. அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

மழை தொடங்கியதும் வந்தது. முதலில் சில மீன்கள் தீவனத்துக்கு வரவில்லை. கரையோரம் தலையைச் சாய்த்துச் சும்மா நின்றன. மழைக்குளிர் என்று நினைத்தேன். பிறகு வயிற்றோரம் சிவப்புச் சிவப்பாகப் புள்ளி, செதில் உதிர்ந்து புண், துடுப்பு அரித்துப்போய், சிலதுக்கு வயிறு உப்பி. நான் பெரிய மெக்கானிக் அல்லவா, கருங்கல் மெடிக்கலில் மனுஷனுக்குக் கொடுக்கிற மாத்திரையை வாங்கிப் பொடித்துத் தீவனத்தில் கலந்து போட்டேன். நல்ல மீன்கள் அள்ளித் தின்றன. சீக்கு வந்தது தின்றால்தானே மருந்து உள்ளே போகும்? அது வாயே திறக்கவில்லை. தினமும் செத்தது மிதந்தது. கைவலையால் அரித்து எடுத்து எடுத்து என் தோள் கழன்றுபோனது. அதே வலையைத்தான் பக்கத்துக் குளத்துக்காரரும் இரவல் கேட்டு வாங்கிப்போனார். செத்ததைச் சிலர் சானல் வாய்க்காலில் எறிந்தார்கள். கொக்கு கொத்திக்கொண்டு பறந்தது. ஒரு குளத்தில் தொடங்கியது இல்லை இது, எல்லாக் குளத்திலும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரிந்தது.

கோட்டாற்றிலிருந்து ஒரு பெண் வந்தது. மீன்வளப் படிப்பு படித்த பெண். நாங்கள் மீன் டாக்டர் என்று கூப்பிடுவோம். ஒரு மீனை அறுத்துப் பார்த்தது, தண்ணீரையும் சேற்றையும் குப்பியில் எடுத்தது. பிறகு பண்டிகைக் கதையை நான் சொல்லச் சொல்ல அதன் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"கிருமி எல்லாக் குளத்துச் சேத்துலயும் கொஞ்சம் கிடக்கத்தான் செய்யும் ஐயா. மீனுக்க மேல வழுவழுன்னு இருக்குல்லா, அதுதான் அதுக்குக் காவல். அதத் தொவர்த்த வச்சுத் தொடச்சு எடுத்துட்டிய. தரையில விழுந்து செதிலும் போச்சு. அந்தக் காயம் வழியா உள்ள ஏறியிருக்கு. அண்டாவுல எந்தக் குளத்து மீனுக்குச் சீக்கு இருந்துதோ, அந்த வெள்ளத்தத்தான எல்லா மீனும் செவுள் வழியா இழுத்துச்சு?"

"ஒரு மீன்தானம்மா திரும்ப விட்டோம்?"

"ஒண்ணு போதும். அதுக்க புண்ணுல இருந்து வெள்ளத்துல கலக்கும். பக்கத்துல நிக்குத மீனுக்குச் செவுள் வழியா போவும், இல்லன்னா சின்னக் கீறல் வழியா போவும். அது செத்தா மத்த வரால் கொத்தித் தின்னும், அப்பம் குடல் வழியா போவும். நீங்க நெருக்கி வேற விட்டிருக்கிய. மழையில வெள்ளமும் கலங்கிப் போச்சு. தெம்பில்லாத மீனுதான் அதுக்கு வேணும்."

நான் ஒரு காரியம் கேட்டேன். ஆலயத்துக்குப் போய்வந்த அந்தப் பெரிய வரால் சாகவில்லை, விலாவில் புண் வந்து, ஆறி, வெள்ளைத் தழும்பு விழுந்து, ஜம்மென்று தீவனம் தின்கிறதே, அப்படியானால் அதற்கு நோய் போய்விட்டதுதானே என்று. அந்தப் பெண் குப்பியை மூடி வைத்தது. "அதுதான் ஐயா எனக்குப் பயம். சீக்கு வந்து தப்பிச்ச மீனு வெளியில நல்லாத்தான் இருக்கும். உள்ள கிருமிய வச்சுக்கிட்டே நடக்கும். நீங்க எத்தன தடவ புதுசா குஞ்சு விட்டாலும் அது குடுத்துக்கிட்டே இருக்கும்." குளத்தை வற்றவைத்து, இருக்கும் மீனையெல்லாம் அழித்துக் குழியில் சுண்ணாம்பு போட்டுப் புதைத்து, சேறு வெடிக்கும்வரை காயப்போட்டு, சுண்ணாம்பு தூவி, அப்புறம் புதுத் தண்ணீர் விடச் சொன்னது. அந்தப் பெரியது உட்பட என்று அழுத்திச் சொன்னது.

அந்த வாரம்தான் நீ கூப்பிட்டாய். ஷைனிக்கு நாள் தள்ளியிருக்கிறது, டாக்டர் உறுதிப்படுத்திவிட்டார் என்றாய். அம்மா போனைக் கையில் வைத்தபடியே தரையில் முழங்கால் போட்டுவிட்டாள். அவளுக்கு உச்சி குளிர்ந்துபோன அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் முந்தியது. பிள்ளை வேண்டாம் என்றா? சீ. இரண்டு நாளில் குளத்தை வற்றவைக்க மோட்டாருக்குச் சொல்லியிருந்தேன். அந்த மீனை இவள் முன்னால் எப்படிக் கொல்வேன்? மெல்லச் சொல்லிப் பார்த்தேன். எரிந்து விழுந்தாள்.

"பிள்ள வயித்துல நிக்குத நேரத்துல பொருத்தன மீன அடிச்சுக் கொல்லணும்னு சொல்ல ஒங்க நாக்கு கூசல்லியா?"

மோட்டார் ஓடி, தண்ணீர் கணுக்கால் அளவுக்கு வந்தபோது சேற்றில் இறங்கித் தேடினேன். அந்த மீன் இல்லை. கொக்கு தூக்குகிற அளவு மீன் இல்லை அது. மழையில் மேட்டில் ஏறி வேறு எங்காவது போயிருக்கும், வரால் அப்படிப் போகும் என்று நானே சொல்லி என்னை நம்பவைத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், போய்த் தொலைந்தது, என் கையால் ஆக வேண்டியதில்லை என்று எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அம்மா அன்று மிகவும் அமைதியாக இருந்தாள். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

ரோஸ் சித்தி கருங்கலில் குளம் வைத்திருப்பது உனக்குத் தெரியும். சித்தப்பா போன பிறகு அவள் சொந்தக் காலில் நிற்கத் தொடங்கியது அந்தக் குளத்தை வைத்துத்தான். கோடையில் அவள் மீன் செத்தது. வெயிலுக்கு என்று நினைத்து யாரிடமும் சொல்லாமல் மறுபடி குஞ்சு விட்டிருக்கிறாள். போன மாதம் போன் செய்தாள். "அத்தான், ரெண்டாமத்த தடவையும் போவுது. மேலெல்லாம் செவப்புச் செவப்பா இருக்கு. நீங்க ஒண்ணு வந்து பாக்கணும்" என்றாள். போனேன். வாளி வாளியாகச் செத்த குஞ்சு. அதே புள்ளி, அதே அரித்த துடுப்பு. குளத்தின் ஒரு மூலையில் வலை கட்டி மறித்து, அதற்குள் ஒரு பெரிய வரால் நின்றுகொண்டிருந்தது. விலாவில் வெள்ளைத் தழும்பு.

"அக்கா கொண்டு விட்டது. ஜெபினுக்க பிள்ளைக்க மீனு. குஞ்சத் தின்னுராம இருக்க வல கெட்டி வச்சிருக்கேன்" என்றாள் சித்தி. பிறகு என் முகத்தைப் பார்த்து, எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "இது ஒண்ணுக்கு மட்டும் ஒண்ணும் ஆவல்ல பாத்தியளா அத்தான்? மத்ததெல்லாம் சாவுது, இது முழிச்சுக்கிட்டு நிக்கு. கர்த்தருக்க கிருபைன்னா இதுதான்" என்றாள்.

வலை மீனைத்தான் மறிக்கும், தண்ணீரை மறிக்காது. இந்த ஒரு வாக்கியத்தை நான் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். வலையின் கயிற்றை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன், மக்கா. சொன்னால் அவள் அக்காவைப் பற்றி என்ன நினைப்பாள்? தங்கை வயிற்றில் அடிக்கவா இவள் பஸ்ஸில் மடியில் வாளியை வைத்துக்கொண்டு வந்தாள்? தண்ணீர் குலுங்காமல், மூடியைத் திறந்து திறந்து பார்த்து, ஒரு பிள்ளையைக் கொண்டுவருவதுபோலக் கொண்டு வந்திருப்பாள். எனக்கு அது கண்ணில் தெரிந்தது. வெயில் தாழ்ந்ததும் பார்த்துச் சொல்கிறேன் என்று ஏதோ உளறிவிட்டு பஸ் ஏறினேன். சித்தி என் பின்னாலேயே வந்து ஒரு சீப்புச் செவ்வாழையைக் கையில் திணித்தாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லிவிட்டேன். கோபத்தில் சொன்னேன், அது என் குறை. ரோஸின் குளம் செத்தது உன்னால்தான், நீ கொண்டுவிட்ட மீனால்தான் என்று கத்தினேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் எதிரில் நின்றாள். "எனக்க தங்கச்சிக்கு நான் கெடுதல் செய்வேனா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "பின்ன?" என்றாள். மீன் டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். வழுவழுப்பு, செவுள், தழும்பு, உள்ளே கிடக்கும் கிருமி எல்லாம். முழுக்கக் கேட்டாள். கேட்டுவிட்டு, மிகவும் தணிந்த குரலில், "வாற சாவையெல்லாம் அது வாங்கிக்கிட்டு, பிள்ளைக்கு ஒண்ணும் வராம நிக்கு. நீங்க இன்னும் அதக் கண்டுக்கல்ல" என்றாள். நான் சொல்லும் அத்தனை உண்மையும் அவள் கையில் போனதும் அவள் நம்பிக்கைக்குச் சாட்சியாகிவிடுகிறது. அது சாகாமல் இருப்பதுதான் ஆபத்து என்கிறேன். அது சாகாமல் இருப்பதுதான் அடையாளம் என்கிறாள்.

போதகரிடமும் போனேன். மீனுக்குப் பதில் பணத்தைக் காணிக்கையாகக் கொடுக்கலாம், கர்த்தர் இருதயத்தைத்தான் பார்க்கிறார் என்றார். நல்ல மனுஷன். அம்மாவிடம் வந்து சொன்னேன். "அவருக்க பேரப்பிள்ளையா?" என்று ஒரே கேள்வி கேட்டாள். முடிந்தது. சரி, அண்டாவில் போடாமல் தனித் தொட்டியில் வைக்கச் சொல்லலாம் என்று கமிட்டிக்காரரைப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே, "அண்ணா, அந்த மீன எடுக்கத்தான் இந்தத் தடவ ஆளுவ காத்துக் கிடக்கு" என்றார். அம்மா சும்மா இருப்பாளா? பிள்ளை படத்தோடு மீன் கதையையும் சொல்லியிருக்கிறாள். கல்யாணமாகிப் பிள்ளையில்லாத மகள் இருக்கிற ஒரு தாய், ஏலத்தில் அதை விடமாட்டேன் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறாளாம். அவள் மகளிர் குழுவில் இருக்கிறவள். ஆலயத்துக்குப் பின்னால் உள்ள குளத்தை அந்தக் குழு குத்தகைக்கு எடுத்து, இந்த வருஷம்தான் முதல் தடவை குஞ்சு விட்டிருக்கிறது. பத்துப் பன்னிரண்டு வீட்டுப் பெண்கள் முறை வைத்துத் தீவனம் போடுகிறார்கள். மற்ற குளத்துக்காரர்களும் காயப்போட்டு, சுண்ணாம்பு போட்டு, இப்போதுதான் மறுபடி எழுந்து நிற்கிறார்கள். அவர்கள் எல்லாருடைய தண்ணீரும் கடைசியில் ஒரே சானலில்தான் போய்ச் சேர்கிறது. அந்தத் தாய் பக்தியோடு அதைக் கொண்டுபோய்க் குழுவின் குளத்தில் விடுவாள். மகளுக்குப் பிள்ளையில்லையே என்ற வேதனையில் இருக்கும் ஒரு பெண்ணிடம் போய், அது ஆசீர்வாதம் இல்லை என்று நான் எந்த முகத்தோடு சொல்வது? பிள்ளை கிடைத்தவன் வீட்டு ஆள் சொன்னால், தங்களுக்குக் கிடைத்தது அடுத்தவருக்குக் கிடைக்கக் கூடாது என்ற பொறாமை என்றுதானே நினைப்பாள்?

நீயும் அப்பனாகிவிட்டாய், அதனால் ஒன்று சொல்கிறேன். இது மீனைப் பார்த்து நான் கற்றது. புண் கண்ணுக்குத் தெரியும்போது நோய் பழசாகிவிட்டிருக்கும். அதற்கு முன்பே ஒரு நாள் அது தீவனத்துக்கு வராமல் ஒதுங்கி நின்றிருக்கும், அன்று நாம் வேறு எதையோ நினைத்துக்கொண்டிருப்போம். உன் வீட்டில் யார் சாப்பிட வராமல் ஒதுங்குகிறார்கள் என்று பார். ஷைனி பசியில்லை என்று சொன்னால், சரி என்று நீ போய்ப் படுத்துவிடாதே, பக்கத்தில் போய் உட்கார். நான் உன் அம்மாவிடம் அப்படி உட்கார்ந்ததில்லை. அடுக்களையில் அவள் அழுதபோது நான் கூடத்தில் டிவியின் சத்தத்தைக் கூட்டினேன். அன்று போய் உட்கார்ந்திருந்தால் அவள் ஒரு மீனிடம் போய் இவ்வளவு பெரிய நம்பிக்கையை வைத்திருக்கமாட்டாளோ என்னவோ. தெரியாது. இப்போது அதைப் பேசி என்ன பிரயோஜனம்.

ஷைனி நர்ஸ். தன்னிடம் நோய் தெரியாமலே அடுத்தவருக்குக் கொடுப்பவர்களை அவள் வார்டில் பார்த்திருப்பாள், ஒரு வார்த்தையில் அவளுக்கு விளங்கிவிடும். ஆனால் அவளைப் பேசவிடாதே. மருமகள் சொன்னாள் என்று வந்துவிட்டால், ஆயுசுக்கும் அது அவள் தலையில்தான் நிற்கும். நீதான் பேச வேண்டும். கிருமி, செவுள் என்று ஒன்றும் விளக்க வேண்டாம், அதெல்லாம் நான் சொல்லித் தோற்றாயிற்று. 'அம்மா, அது எனக்க பிள்ளைக்க மீன், நான் சொல்லுதேன், அத ஆலயத்துக்குக் கொண்டு போவாண்டாம், அப்பா கையில குடுத்துரு' என்று மட்டும் சொல். ஏன் என்று கேட்பாள். அழுவாள். நீ இளகிவிடாதே. நீ இளகிவிடுவாய் என்றுதான் எனக்குப் பயம். சின்னதிலிருந்தே அவள் அழுதால் நீயும் சேர்ந்து அழுகிற பிள்ளை. இதை எழுதும்போதே நீ சொல்லமாட்டாய் என்றுதான் என் மனம் சொல்கிறது. 'சும்மா விடுங்கப்பா, அம்மாவுக்க சந்தோஷம்' என்று ஒரு மெசேஜ் வரும். அப்படி நீ சொன்னாலும் உன்னை வெறுக்கமாட்டேன். பிள்ளை பிறந்த மாதத்தில் இப்படி ஒரு பாரத்தை உன்மேல் ஏற்றுகிற அப்பனைப் பற்றி நீ என்ன நினைப்பாய் என்பதையும் யோசித்துத்தான் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம்வரை உன் போனுக்குக் காத்திருப்பேன். வராவிட்டால் கருங்கல் பஸ் ஏறிவிடுவேன். ரோஸ் சித்தியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, அவள் என்னை என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டு, அந்த மீனை என் கையால் அடித்து, அவள் தோப்பில் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைப்பேன். இருட்டுமுன் வீடு திரும்பி, உன் அம்மாவிடம் நானே சொல்வேன், தொலைந்துவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். அவள் என்னைத் திட்டினால்கூடப் பரவாயில்லை. திட்டமாட்டாள். இனி உன் பிள்ளைக்கு ஒரு சளி பிடித்தாலும், காய்ச்சல் அடித்தாலும், நடக்க ஒரு மாதம் பிந்தினாலும், அவள் ஒன்றும் பேசாமல் என்னைப் பார்ப்பாள். நான் சாகிறவரை பார்ப்பாள்.

கிறிஸ்துமஸுக்குப் பிள்ளையோடு வருகிறீர்கள் அல்லவா? வந்ததும் என் பக்கம் நின்று அவளிடம் வாதாடாதே, எனக்காக ஒரு வார்த்தைகூடப் பேசாதே. பிள்ளையை நேராகக் கொண்டுபோய் அம்மா மடியில் வை. அந்த மீனை அடித்த கையில் தர வேண்டாம். அவள் கண் முன்னால் நான் பிள்ளையைத் தொடமாட்டேன்.

அப்பா